குசினிக் கூரையும் இரண்டு நீலப் பரலும்

மகளின் பள்ளிக்கூடச் சட்டையில் தொடங்கிய வேலை இது. தை மாதம் தைத்த வெள்ளைச் சட்டை, சித்திரை விடுமுறைக்குள் பழுப்பேறிவிடும். கொலரையும் கைமடிப்பையும் பார்த்தால் தேத்தண்ணி ஊற்றியதுபோல் இருக்கும். நீலம் போட்டுப் பார்த்தேன். தேசிக்காய் தேய்த்து வெயிலில் காயவைத்தேன். கடையில் வாங்கிய வெளுக்கும் திரவத்தை ஊற்றியபோது கறை இன்னும் கறுத்துப் போனது. வகுப்பில் மற்றப் பிள்ளைகள் கேட்கிறார்கள் என்று மகள் ஒருநாள் அழுதுகொண்டு வந்தாள். அன்றைக்குத்தான் கிணற்றுத் தண்ணீரை ஒழுங்காகக் கவனித்தேன்.

எங்கள் வீடு மட்டக்களப்புக்குத் தெற்கே, கல்லாற்றில். எழுவான்கரை என்று சொல்லும் பக்கம். கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவில் ஒடுங்கிய மணல் திடல். இந்த மணலுக்குள் இருக்கும் நல்ல தண்ணீர் முழுவதும் மழை தந்தது. கடல் தண்ணீர் பாரமானது, மழைத் தண்ணீர் அதைவிட இலேசு. அதனால் மழைத் தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேல் ஒரு படையாக மிதந்துகொண்டு நிற்கிறது. கோடையில் மோட்டரைப் போட்டு அளவுக்கு மிஞ்சி இழுத்தால் அந்தப் படை மெலிந்து, அடியிலுள்ள உப்பு மேலே வரும். 2004 சுனாமிக்குப் பிறகு கரையோரக் கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். இறைக்க இறைக்க உப்புக் குறையவில்லை. அடுத்தடுத்த மாரிகள்தான் அதைக் கழுவிக் கொடுத்தன.

எங்கள் கிணற்றில் உப்பைவிட இரும்புதான் தொல்லை. அள்ளும்போது தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கும். வாளியில் ஒரு இரவு வைத்தால் மேலே எண்ணெய் படர்ந்ததுபோல் மினுங்கும், அடியில் செங்கல் நிறத்தில் மண்டி இறங்கும். தண்ணீரில் கரைந்திருக்கும்வரை இரும்புக்கு நிறம் கிடையாது. காற்றுப் பட்டதும் துருவாக மாறிப் படிகிறது. ஈரத் துணியில் அந்த மாற்றம் நடந்தால் துரு நூலுக்குள்ளேயே பிடித்துக்கொள்ளும். வெளுக்கும் திரவம் அதை விரைவுபடுத்திவிடும், கறை கறுத்ததற்குக் காரணம் அதுதான். குழாய்த் தண்ணீர் வீட்டுக்கு வருகிறது. குடிக்கவும் சமைக்கவும் அதைத்தான் எடுக்கிறோம். ஐந்து பேரின் உடுப்பையும் அதில் தோய்த்தால் பில் கட்ட முடியாது.

"மழைத் தண்ணியில தோச்சாப் போதுமே புள்ள" என்றார் அம்மா. "நாங்க சின்னனா இருக்கக்குள்ள ஓலைக் கூரைக்குக் கீழ கிடாரம் வெச்சுப் பிடிச்சதுதானே."

வீட்டில் எல்லோரும் சேர்ந்து செய்தோம். பழைய பீவிசி பைப் ஒன்று, இரண்டு பிளாஸ்ரிக் பரல் (பீப்பாய்), கொஞ்சம் சீமெந்து, நான்கைந்து விடுமுறை நாள். ஆனால் முதல் தடவை கட்டியது ஒரு மாரியைக்கூடத் தாங்காமல் விழுந்தது. எங்கே பிழைத்தோம் என்பதைத்தான் இங்கே அதிகமாக எழுதப் போகிறேன். இணையத்தில் பரல் வைத்த படங்கள் நிறைய இருக்கின்றன. அவற்றில் எல்லாப் பரலும் நேராகத்தான் நிற்கின்றன. அது எதில் நிற்கிறது, நிரம்பி வழியும் தண்ணீர் எங்கே போகிறது என்பதைப் படம் காட்டுவதில்லை.

கூரையை அளந்தோம்

பெரிய வீட்டுக்கு அஸ்பெஸ்டஸ் கூரை, பழையது. அதை வெட்டவோ சுரண்டவோ கூடாது, தூள் மூச்சில் போனால் கேடு. அதனால் அந்தப் பக்கம் போகவே இல்லை. குசினி பின்னால் கட்டிய பத்தி. தகரம், ஒரே பக்கம் சாய்வு, 20 அடி நீளம், பதினொன்றரை அடி அகலம். மீற்றரில் சொன்னால் ஆறுக்கு மூன்றரை, 21 சதுர மீற்றர்.

கணக்கு மகனுடையது. ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஒரு லீற்றர். ஆகவே எங்கள் குசினிக் கூரையில் 10 மில்லிமீற்றர் பெய்தால் 210 லீற்றர். தெறித்தும் ஆவியாகியும் போவதைக் கழித்தாலும் 200 லீற்றர்ப் பரல் ஒன்று கிட்டத்தட்ட நிரம்பிவிடும். மட்டக்களப்பில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,600 முதல் 1,700 மில்லிமீற்றர் மழை. அதில் பெரும்பகுதி ஐப்பசிக் கடைசியில் இருந்து தை வரைக்கும் கொட்டித் தீர்த்துவிடும். ஒரு வருட மழையைக் கூரையால் பெருக்கிப் பார்த்துவிட்டு மகன் துள்ளினான். முப்பதாயிரம் லீற்றருக்கு மேல். நானும் அவனோடு சேர்ந்து மகிழ்ந்தேன். அந்த முப்பதாயிரத்தில் எங்கள் பரல்களுக்குள் அடங்காத தண்ணீர் எவ்வளவு என்று நாங்கள் இருவரும் அப்போது கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

இரண்டு ஞாயிறு

பரல் வாங்கும்போது அதில் முன்னால் என்ன இருந்தது என்று கட்டாயம் கேளுங்கள். இரசாயனம் வந்த பரல் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம், கழுவினாலும் போகாது. எங்களுக்குக் கிடைத்தவை ஊறுகாய் வந்த நீலப் பரல்கள். மூடியைத் தனியாகக் கழற்றலாம், சுற்றி இரும்பு வளையம் போட்டு இறுக்கலாம். இந்த மூடி இரண்டு விதத்தில் உதவியது. கையை உள்ளே விட்டுக் குழாய் பூட்டலாம். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இறுக மூடியும் வைக்கலாம். பச்சை மிளகாய் மணம் போக, சோடாத் தூள் கரைத்த தண்ணீரை இரண்டு நாள் ஊறவைத்து மூன்று தரம் கழுவினோம்.

கூரை விளிம்பில் தண்ணீரை ஏந்தும் பீலிக்கு 4 அங்குலப் பைப். கடையில் பீலி என்றே தனியாக விற்கிறார்கள், ஆனால் தம்பி ஒரு வீட்டு வேலையில் மிஞ்சிய 20 அடிப் பைப் ஒன்றை வைத்திருந்தான். அதை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால் இரண்டு பீலி. நூலில் கரி தடவி இரண்டு பக்கமும் கோடு அடித்தோம். ஹெக்சோ வாளால் அறுத்தோம். காலை எட்டு மணிக்குத் தொடங்கினோம், சோற்று நேரம் ஆகியது. அவசரப்பட்டால் வாள் கோட்டை விட்டு விலகும், இன்னொருவர் பைப்பை அமத்திப் பிடிக்க வேண்டும். மகன் பிடித்தான். ஒரு பாதியைப் பூட்ட எடுத்துக்கொண்டு, மற்றப் பாதியைக் கிணற்றடி வேலியில் சாய்த்து வைத்தோம்.

சாய்வு பார்த்த விதம் எனக்குப் பிடித்தது. மேசன்மார் வைத்திருக்கும் தண்ணீர் மட்டக் குழாய், உள்ளே தெரியும் வெறும் பிளாஸ்ரிக் ரியூப்தான். அதில் தண்ணீரை நிரப்பி, ஒரு நுனியை மகள் கூரையின் ஒரு மூலையில் பிடித்தாள், மறுநுனியைத் தம்பி மற்ற மூலையில் பிடித்தான். இரண்டு பக்கத்திலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். அந்தக் கோட்டில் இருந்து பரல் பக்கம் ஆறு சென்ரிமீற்றர் கீழே குறித்தோம். மீற்றருக்கு ஒரு சென்ரிமீற்றர் இறக்கம் போதும். "தண்ணி எப்பிடி மாமா அங்கால இருக்கிற மட்டத்தைக் கண்டுபிடிக்குது?" என்று மகள் கேட்டாள். தம்பி ஏணியில் நின்றபடியே அரை மணி நேரம் விளக்கம் சொன்னான். மணலில் ஏணி வைப்பவர்கள் காலுக்குக் கீழே ஒரு பலகை போடுங்கள். இல்லாவிட்டால் ஒரு கால் மட்டும் இறங்கி ஏணி சரியும். தகர விளிம்பு கத்தி மாதிரி, கையுறை இல்லாமல் தொட வேண்டாம்.

கூரையில் காகம் இருக்கும், வேப்பஞ்சருகு விழும், கோடை முழுவதும் தூசி படியும். முதல் மழை இதையெல்லாம் கழுவிக்கொண்டு வரும், அந்தத் தண்ணீர் பரலுக்குப் போகக்கூடாது. அதற்காகப் பீலியில் இருந்து இறங்கும் பைப்பில் ஒரு கிளை விட்டு, 4 அங்குலப் பைப்பில் ஒரு துண்டை நாலடி உயரத்துக்கு நிமிர்த்தி, அடியை மூடினோம். அது பத்து லீற்றர் கொள்ளும். முதலில் வரும் அழுக்குத் தண்ணீர் அதற்குள் இறங்கும். அது நிரம்பியதும் பின்னால் வரும் தெளிந்த தண்ணீர் அதன் மேலால் பரலுக்குப் போகும். அடி மூடியில் ஒரு சிறிய ஓட்டை. மழை விட்டபின் தண்ணீர் சொட்டிச் சொட்டித் தானாகவே காலியாகி, அடுத்த மழைக்கு ஆயத்தமாகிவிடும். இந்த ஒரு உறுப்பு மட்டும் முதல் நாளில் இருந்து இன்றுவரை ஒரு பிழையும் விடாமல் நிற்கிறது.

பரல்களை வைத்தது இப்படி. குழாய்க்குக் கீழே வாளி வைக்க இடம் வேண்டும் என்று, சீமெந்துக் கற்களை இரண்டு வரிசை உயரத்துக்கு அடுக்கினோம். சாந்து பூசவில்லை, மணலை மட்டப்படுத்தி அதன்மேல் அப்படியே வைத்தோம். இரண்டு பரலையும் அடியில் ஒரு பைப்பால் இணைத்தோம். மேலே, மூடிக்குக் கொஞ்சம் கீழே, வழிவதற்கு முக்கால் அங்குல ஓட்டை ஒன்று. கடையில் கையில் கிடைத்த இணைப்பு அந்த அளவு.

முதல் மழை ஐப்பசியில் வந்தது. எல்லோரும் நனைந்துகொண்டு நின்று பார்த்தோம். பரலுக்குள் விழும் தண்ணீரின் சத்தம் உயர உயர மாறிக்கொண்டே வந்தது. அம்மா ஒரு கைப்பிடி அள்ளி முகத்தில் தெளித்துக்கொண்டார்.

விழுந்த இரவு

கார்த்திகை மூன்றாம் கிழமை, இரண்டு நாள் விடாத மழை. நடுச்சாமம் கடந்து பின்பக்கத்தில் பெரிய சத்தம். டோர்ச் லைற்றை எடுத்துக்கொண்டு ஓடினோம். முதல் பரல் புரண்டு கிணற்றுக் கட்டில் மோதிக் கிடந்தது. இணைப்புப் பைப் முறிந்து, மற்றப் பரலின் தண்ணீரும் ஓடிக்கொண்டிருந்தது. கற்கள் நாலா பக்கமும் சிதறிக் கிடந்தன.

நிரம்பிய பரல் 200 கிலோவுக்கு மேல். முதல் நாள் பின்னேரம் மகள் அதே இடத்தில், அதே குழாயில் கால் கழுவிக்கொண்டு நின்றாள். இதை எழுதும்போதும் என் கை நடுங்குகிறது. பிள்ளைகளோடு சேர்ந்து வீட்டில் எதையும் செய்யலாம், சந்தோசம்தான். ஆனால் பாரமான ஒன்றை உயரத்தில் வைக்கும்போது, அது விழும் என்று நினைத்துக்கொண்டே வைக்க வேண்டும். நாங்கள் அப்படி வைக்கவில்லை.

"விழுந்தது பரல்தான் புள்ள. ஆளொண்டும் இல்ல, அதுக்குக் கும்பிடு. மறுகா விடிஞ்சாப் பாப்பம்" என்று அம்மா என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

விடிந்ததும் நான் தம்பியைத்தான் கோபித்தேன். அவன் அடுக்கிய கல், அவனுக்குத்தானே கட்டட வேலை தெரியும் என்று. அவன் பதில் பேசாமல் குந்தியிருந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்: "கல்லு சரிஞ்சு விழல்லக்கா. மண்தான் போயிருக்கு. வந்து பாருங்க."

அவன் காட்டிய இடத்தில் மணலில் ஒரு அரிப்பு, கை முட்டளவு ஆழம். அது கூரை விளிம்புக்குக் கீழே தொடங்கவில்லை. பரலின் அடியில் தொடங்கி, கற்களுக்குக் கீழால் போய், நான் முந்திய கிழமை மஞ்சள் நடுவதற்கு வெட்டிய குழியில் முடிந்தது. பரலின் பக்கத்தில் மேலிருந்து கீழ்வரை சேறு வழிந்த அடையாளம் இருந்தது. மூடி வளையத்தில் வேப்பிலைத் துண்டுகள் ஒட்டியிருந்தன. ஆக, வழிவதற்கு விட்ட ஓட்டையால் தண்ணீர் போய்த் தீரவில்லை. மூடியைத் தாண்டி வழிந்து, பரலின் உடம்போடு இறங்கி, அதன் காலடியையே தின்றிருக்கிறது.

ஏன் என்று அன்றைக்கே அளந்து பார்த்தோம். நிமிர்த்திய பரலில் கிணற்றுத் தண்ணீரை ஓட்டைக்கு மேல் மூன்று விரல் உயரத்துக்கு நிரப்பி, ஓட்டையில் வருவதை 10 லீற்றர் வாளியில் பிடித்தோம். மட்டம் இறங்காமல் மேலால் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு வாளி நிரம்ப ஒரு நிமிடம் சென்றது. மகன் கொப்பியைக் கொண்டுவந்தான். ஒரு மணி நேரத்தில் 60 மில்லிமீற்றர் கொட்டும் மழையென்றால் எங்கள் கூரையில் இருந்து நிமிடத்துக்கு 21 லீற்றர் வரும். நிமிடத்துக்கு பத்து லீற்றர் வெளியே விடும் ஓட்டையை நம்பி, இருபத்தொரு லீற்றரை உள்ளே விட்டிருக்கிறோம். உள்ளே வரும் பைப் 3 அங்குலம், வெளியே போவது முக்கால் அங்குலம். விட்டம் நாலில் ஒன்று என்றால் வாய் பதினாறில் ஒன்று. அதையும் ஒரு வேப்பிலை வந்து பாதி அடைத்திருந்தது.

இன்னொரு கணக்கை மகன் தானாகவே போட்டான். ஒரு நாளில் 100 மில்லிமீற்றர் பெய்தால், இங்கே மாரியில் அப்படிப் பெய்வது புதுமை இல்லை, கூரையில் இருந்து வருவது 2,100 லீற்றர். பரல்கள் இரண்டும் சேர்ந்து கொள்வது 400. மிச்சம் ஆயிரத்து எழுநூறு லீற்றரை நாங்கள் கூரை முழுவதிலும் இருந்து கூட்டி, ஒரே இடத்தில், பரலின் காலடியில் கொட்டியிருக்கிறோம். பீலி இல்லாத காலத்தில் அந்தத் தண்ணீர் இருபது அடி நீளத்துக்குப் பரந்து விழுந்து மணலில் இறங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் பீலி பூட்டியதால்தான் அது ஓடையானது.

இந்த விடயத்தில் நான் உறுதியாகச் சொல்வேன். மழைத் தண்ணீர் பிடிக்கும் எவரும் முதலில் வடிவமைக்க வேண்டியது வழிவதற்கான பாதையை. பரலுக்குள் அடங்கும் தண்ணீர் கொஞ்சம், அடங்காதது அதைப்போல் பல மடங்கு. தம்பியிடம் மன்னிப்புக் கேட்டேன். மஞ்சள் குழி என்னுடையது, அடித்தளம் அவனுடையது, ஓட்டை நாங்கள் இருவரும் சேர்ந்து வாங்கியது.

திரும்பக் கட்டியது

மார்கழி விடுமுறையில், மழை விட்ட நாட்களில் தொடங்கினோம். இந்த முறை பரலைத் தொடமுன் குழியை வெட்டினோம். கிணற்றில் இருந்தும் வீட்டுச் சுவரில் இருந்தும் தள்ளி, வாழைகளுக்குப் பக்கத்தில், மூன்றடி நீளம் அகலம் ஆழம். மலசலகூடக் குழிக்குக் கிட்ட வெட்டவே கூடாது, இந்த மணலில் எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடும். குழிக்குள் உடைந்த செங்கல்லும் மேலே பொச்சு மட்டையும் நிரப்பினோம். பரலில் இருந்து குழிவரை 3 அங்குலப் பைப், உள்ளே வரும் அதே அளவு. வழியும் தண்ணீர் அதனூடாகப் போய் மணலில் இறங்கும், கிணற்றில் மிதக்கும் அந்த நல்ல தண்ணீர்ப் படைக்கும் கொஞ்சம் சேரும். கடும் மாரியில் நிலத்தடி நீரே ஒரு அடி ஆழத்துக்கு ஏறிவிடும், அப்போது குழியும் நிரம்பும். அதற்காகக் குழியின் வாயில் இருந்து வாவிப் பக்கம் சாய்வாக ஒரு சிறிய கான் வெட்டிவிட்டோம்.

அடித்தளம் தம்பியின் கையில். ஐந்தடிக்கு மூன்றடி அளவில், முக்கால் அடி ஆழத்துக்கு மணலை எடுத்து, உடைகல் போட்டுத் திமிசால் இடித்து இறுக்கினான். அதன்மேல் நாலு அங்குலக் கொங்கிறீட், சீமெந்து ஒன்று, மணல் இரண்டு, சல்லி நான்கு. 50 கிலோ மூட்டை ஒன்று சரியாகப் போதியது. மணல் ஆற்று மணல். கடற்கரை வீட்டில் இருந்துகொண்டு மணலுக்குக் காசு கொடுப்பதா என்று அயலில் ஒருவர் கேட்டார். கடல் மணலின் உப்பு இரும்பைத் தின்னும், சுவரில் ஈரத்தையும் இழுக்கும். அதைக் கழுவாமல் கலக்கவே கூடாது. ஈரச் சாக்குப் போட்டு ஏழு நாள் நனைத்துக்கொண்டே இருந்தோம், அது பிள்ளைகளின் முறை. பிறகு சீமெந்துக் கற்களைச் சாந்து வைத்துக் கட்டி, மேலே மட்டமாகப் பூசினான்.

மற்ற மாற்றங்கள் சிறியவை. இரண்டு பரலையும் சேர்த்து, சுவரில் பூட்டிய கொழுக்கியில் பட்டியால் கட்டினோம். இதற்கு அம்மாதான் காரணம். 1978 கார்த்திகை (நவம்பர்) 23இல் வந்த சூறாவளியில் தகரங்கள் பறந்ததைக் கண்ணால் கண்டவர் அவர். "நிரம்பின பரல் நிக்கும், வெறும் பரல் பறக்கும்" என்று நின்றபடி நின்று கட்டுவித்தார். இணைப்புப் பைப்பில் ஒரு வால்வு வைத்தோம், ஒரு பரல் ஒழுகினாலும் மற்றது மிஞ்சும். குழாயை அடியில் இருந்து மூன்று அங்குலம் உயர்த்தினோம், மண்டி அடியிலேயே தங்கட்டும் என்று. நீலப் பரலில் வெளிச்சம் ஊடுருவிப் பாசி பிடித்திருந்தது. சுற்றிவரக் கிடுகு கட்டினோம். வெயிலும் படவில்லை, பார்க்கவும் அழகாக இருக்கிறது.

நுளம்பு

தை மாதம் மகளின் கண்ணில் பட்டது. பரலில் இல்லை, பரலின் எல்லா வாயிலும் வலை கட்டியிருந்தோம். பீலியில். முதலில் பீலியைத் தாங்கும் தட்டை இரும்புகளை ஐந்தடிக்கு ஒன்றாக வளைத்துப் பூட்டியிருந்தோம். நிரம்பி ஓடும்போது அந்தப் பீலி மீற்றருக்கு நாலு கிலோ சுமக்கும், நாலு மாதத்தில் நடுவில் தொய்ந்துவிட்டது. தொய்ந்த இடத்தில் ஒரு சிரட்டையளவு தண்ணீர் தேங்கி, அதற்குள் குடம்பிகள் நெளிந்தன. டெங்கு நுளம்புக்குச் சிரட்டையளவு தண்ணீர் தாராளம், ஏழெட்டு நாள் போனால் பறக்கத் தொடங்கிவிடும்.

இரண்டடிக்கு ஒன்றாகத் தாங்கிகளை நெருக்கி, மட்டக் குழாயால் திரும்பச் சாய்வு பார்த்தோம். அன்றில் இருந்து ஞாயிறு காலை மகள் ஒரு சுற்று வருவாள்: பீலி, மூடி, வலை, அழுக்குத் தண்ணீர்ப் பைப்பின் சொட்டு ஓட்டை. ஓட்டை அடைத்தால் ஈர்க்கால் குத்திவிடுவாள். பிள்ளைகளைக் கிணற்றடிக்குத் தனியாக விடுவதில்லை, அம்மம்மா கூடவே போவார்.

சட்டை

மகள் ஒரு சோதனை செய்தாள். ஒரே நாளில் வாங்கிய வெள்ளைக் காலுறை இரண்டு சோடி. ஒரு சோடியைக் கிணற்றுத் தண்ணீரிலும் மற்றதை மழைத் தண்ணீரிலும் ஆறு கிழமை தோய்த்தாள். அதே சவர்க்காரம், அதே கொடி. ஆறாம் கிழமை முடிவில் இரண்டையும் பக்கத்தில் விரித்தபோது எவரும் எதுவும் சொல்லத் தேவை இருக்கவில்லை. சவர்க்காரமும் குறைவாகத்தான் போகிறது, மழைத் தண்ணீரில் நுரை உடனே எழும்பும். ஏற்கெனவே பழுப்பேறிய பழைய சட்டை மட்டும் பழையபடியே இருக்கிறது. ஏறிய துருவை மழைத் தண்ணீர் எடுக்காது.

அம்மா தன் பங்குக்கு ஒரு குடம் பிடித்து, துணியில் வடித்து, நன்றாகக் கொதிக்கவைத்து, பருப்பு அவித்தார். பருப்பு விரைவாக மலர்ந்து கரைந்தது. கடினத் தண்ணீரில் உள்ள சுண்ணாம்புதான் பருப்பை இறுக்கி வைக்கிறது, மழைத் தண்ணீரில் அது இல்லை. குடிக்க நாங்கள் எடுப்பதில்லை. காகம் இருக்கும் கூரை அது.

எதிர்பார்ப்பைச் சரியாக வைத்துக்கொள்ள ஒரு கணக்குச் சொல்ல வேண்டும். வெள்ளை உடுப்புக்கும் பாத்திரத்துக்கும் நாளுக்கு 40 லீற்றர் எடுத்தால் 400 லீற்றர் பத்தே நாள். மாரியிலும் இடையிடையே மழை விழும் மாதங்களிலும் குறையாமல் வரும். கச்சான் காற்று அடிக்கும் வைகாசி, ஆனி, ஆடியில் பரல் காய்ந்து கிடக்கும். கோடையைக் கடத்த வேண்டுமென்றால் உலர் வலய வீடுகளில் கட்டிக்கொடுக்கும் 5,000 லீற்றர் பெரோசீமெந்துத் தண்ணீர்த் தாங்கி (கம்பிவலையில் சீமெந்து பூசியது) போன்ற ஒன்று வேண்டும். அது வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமையில் கட்டும் வேலை இல்லை. எங்களுக்கு மகளின் இரண்டு சட்டையும் மகனின் இரண்டு சட்டையும் வெள்ளையாக இருந்தால் போதும், கோடை மாதங்களில் அவற்றுக்கு மட்டும் குழாய்த் தண்ணீர் எடுக்கிறோம்.

இரண்டாவது மாரியும் கடந்துவிட்டது. அடித்தளத்தில் ஒரு கீறல்கூட இல்லை. பீலியும் இறங்கு பைப்பும் சேரும் இடத்தில் மட்டும் ஒரு கசிவு, இரண்டு தரம் பசை வைத்தும் நிற்கவில்லை. வெயிலில் பைப் நீளுவதும் குளிரில் சுருங்குவதுமாக அந்த ஒட்டு விட்டுப்போகிறது என்று தம்பி சொல்கிறான். இந்த முறை ஒட்டாமல், ஒன்றுக்குள் ஒன்று செருகி, விளையாட இடம் விட்டுப் பார்க்கப் போகிறோம்.

வேலியில் சாய்த்து வைத்த மற்றப் பாதிப் பைப்பைப் போன கிழமை வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருக்கும் மச்சாள் வீட்டுக்குக் கொண்டுபோனோம். அவளுக்கும் தகரக் கூரை, இரண்டு சின்னப் பிள்ளைகள். பரலை எங்கே வைப்பம் என்று அவள் கேட்டாள். மகன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வளவின் கீழ்ப்பக்கம் போய், தண்ணீர் எங்கால ஓடும் மாமி என்று கேட்டு, குழிக்கு அடையாளம் போட்டான்.